கரை மட்டும் தெரிந்தால் போதும்

சனிக்கிழமைகளை எனக்குப் பிடிக்காது. என் கணவர் கடலுக்குப் போகிற நாள் அது. கிழமை முழுக்கப் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குக் கோப்புகளைத் தூக்கிக் கொடுத்து, கறுப்புக் கோட்டுப் போட்ட யாரைக் கண்டாலும் ‘ஓம் சேர், சரி சேர்’ என்று குனிகிற மனிதர், சனிக்கிழமை விடியுமுன் ஒரு பழைய காற்சட்டையை மாட்டிக்கொண்டு ராஜா மாதிரிக் கிளம்புவார். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, நடுவில் ஒன்று மாறி, முகத்துவாரம் போவார். அங்கே ஒரு கொட்டாஞ்சேனைக்காரரின் படகு அவருக்காகக் காத்திருக்கும்.

அந்த மனிதரை நான் போட்காரர் என்றுதான் சொல்வேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாரே தவிரக் கடலில் கால் வைக்கமாட்டார். அதனால்தான் சனிக்கிழமை என் தலையில் விழுந்தது. ஏதோ காணி வழக்குக்காகப் புதுக்கடைக்கு அவர் அலைந்த நாட்களில், எந்த அறைக்குப் போய் யாரைக் கேட்க வேண்டும் என்று என் கணவர் காட்டிக்கொடுத்தாராம். அந்த நன்றிக்கு, ‘ஒரு நாள் வாங்க, தூண்டில் போடுவோம்’ என்று கூப்பிட்டாராம். நன்றி என்றால் ஒரு மீனைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். மனிதரையே கொண்டுபோய்விட்டார்.

மூன்று வருடம் பொறுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை மழை மூட்டம் இறங்கிக் கரை மறைந்தது. போட்காரர் கரையைப் பார்த்துத்தான் ஓடுகிறவர். கோயில் கோபுரத்தையும் துறைமுகத்துக் கிரேன் ஒன்றையும் ஒரே நேருக்குக் கொண்டுவந்தால் இன்ன இடம் என்று அவருக்குக் கணக்கு. இப்போது கரை முழுக்க மாடிகள் எழும்பி அந்தக் கணக்கே பாதி மறைந்துவிட்டது. மூட்டத்தில் மிச்சப் பாதியும் போனது. இரண்டு பேரும் வீட்டுக்கு வருகிறோம் என்று நினைத்துக்கொண்டே தெற்கே ஓடி, கல்கிசையில் போய்க் கரை தட்டினார்கள். இவருடைய போன் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போயிருந்தது. யாரோ ஒருவரின் போனை இரந்து வாங்கி எனக்கு எடுத்தார். எடுத்துச் சிரித்தார். ‘இஞ்சேருமப்பா, நாங்கள் கல்கிசையில நிக்கிறம், பகிடியைப் பாரும்’ என்றார். பின்னேரம் முழுக்க யன்னலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பகிடி.

அன்றிரவே சொல்லிவிட்டேன். கடலில் வழி காட்டுகிற ஜி.பி.எஸ் கருவி ஒன்று, கையில் பிடிக்கிறது, தண்ணீர் பட்டால் சாகாதது, வாங்க வேண்டும். வாங்காவிட்டால் கடல் இல்லை.

‘ஓம், வாங்குவம்’ என்றார். அவர் வாயில் ஓம் என்பதற்கு அர்த்தமே கிடையாது. அது மூச்சு விடுகிற மாதிரி.

அதற்குப் பிறகு மாதக்கணக்காக அந்த மனிதர் தெரிவு செய்தார். வேலையால் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடியோ பார்ப்பார். அமெரிக்காவில் தாடி வைத்த ஒருவன் பனிக்காட்டில் நின்றுகொண்டு ஒரு கருவியைப் புகழ்வான். இன்னொருவன் வந்து அதையே திட்டுவான். இதில் வரைபடம் இருக்கிறது, அதில் திசைகாட்டி இருக்கிறது, இது உயரம் சொல்லும், அது படம் எடுக்கும். கடல் மட்டத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவருக்கு உயரம் எதற்கு? கேட்டால், ‘இருந்தாப் பாதகமில்லைத்தானே’ என்பார். இவ்வளவுக்கும் ஒரு சனிக்கிழமை தவறாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தெரிவு செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வாங்காமல் இருப்பது எப்படி என்று இவரிடம்தான் படிக்க வேண்டும்.

நான் பாமசியில் வேலை செய்கிறவள். காலி வீதியைப் பார்த்த கவுண்டர். இரண்டு இருமல் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளை மாறி மாறி வாசித்து, கடைசியில் ‘பிறகு வாறன்’ என்று போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒருவரை வீட்டிலும் வைத்துச் சோறு போடுகிறேன் என்று தெரிந்த அன்று, லீவு போட்டேன். கையில் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் எங்கள் பக்கத்துப் போன் கடை. அங்கே தலைமயிரை எண்ணெய் பூசி நிறுத்தியிருந்த கடைக்காரர், ‘அன்ட்டி, அதெல்லாம் பழசு. போன்லயே எல்லாம் இருக்கு’ என்றார்.

‘போன் நனைஞ்சா?’

‘கவர் ஒண்டு போடுங்கோ.’

‘கை நனைஞ்சா? ஈரக் கையால உந்தக் கண்ணாடியைத் தடவினா வேலை செய்யுமா? செய்து காட்டுங்கோ பாப்பம்.’

அவர் செய்து காட்டவில்லை. அன்ட்டி என்று கூப்பிடுவதையும் நிறுத்திக்கொண்டார். என் கணவர் போகும்போது அவரிடம் ‘தாங்ஸ், குறை நினைக்காதேங்கோ’ என்று சொல்லிவிட்டு வந்தார். யாருக்கு எதற்கு நன்றி என்று நான் கேட்கவில்லை.

கோட்டைப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. கூடாரம், டோர்ச், கயிறு, தூண்டில், காட்டுக்குப் போகிறவர்களின் சப்பாத்து எல்லாம் விற்பார்கள். அங்கே கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. எல்லா அட்டைப் பெட்டியிலும் கொம்பு விரித்த மான், துவக்குப் பிடித்த வெள்ளைக்காரன். மீன்பிடிக்கும் வேட்டைக்கும் உகந்ததாம். வெள்ளவத்தையில் வேட்டையாடுவதென்றால் ரயில் பாதைக் காகங்களைத்தான் சுட வேண்டும்.

விற்பனையாளர் சிங்களவர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் சிங்களத்தில் கேட்டதற்கு என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார். இருப்பதிலேயே விலை கூடினதை எடுத்து வைத்தார். பெரிய வண்ணத் திரை, தொட்டால் விரிகிற வரைபடம். என் கணவரின் முகம் கோயில் விளக்கு மாதிரி எரிந்தது.

‘ஒரு வாளியில தண்ணி கொண்டு வாங்கோ’ என்றேன் நான், சிங்களத்தில்.

‘நோனா?’ அம்மணி என்கிறார்.

‘தண்ணி. இதை நான் நனைச்ச கையாலதான் பாக்கப் போறன்.’

‘பே, பே’ என்றார். முடியாது என்பதற்குச் சிங்களத்தில் அதைவிடச் சின்னச் சொல் கிடையாது. முடியாவிட்டால் தண்ணீர் புகாது என்று பெட்டியில் ஏன் அச்சடித்திருக்கிறான் என்று கேட்டேன். குரலைக் குறைக்கவில்லை. கடையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து, என் முன்னால் இடித்து வைத்தார்.

கையை நனைத்தேன். வண்ணத் திரைக்காரி நான் தொட்ட இடத்தை விட்டு வேறெங்கோ ஓடினாள். தள்ளி வைத்தேன். அடுத்தது, பட்டன் உள்ளது, ஆனால் சின்ன எழுத்து. என் கணவரின் கண்ணாடியைப் பிடுங்கி என் பையில் போட்டுவிட்டு, ‘இப்ப வாசியுங்கோ’ என்றேன். மனிதர் முழித்தார். அதையும் தள்ளினேன். இன்னொன்றுக்கு உள்ளேயே பூட்டிய பற்றரி, வீட்டில் சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் போட மறக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அடி வரிசையில் கிடந்த ஒன்றை எடுக்கச் சொன்னேன். சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு வெள்ளைத் திரை, கட்டை விரலுக்கு அகப்படுகிற பட்டன், பெரிய அம்புக்குறி. எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கிற பென்சில் பற்றரி இரண்டு போட்டால் போதும். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும்.

‘அது சும்மா சாமான், நோனா’ என்றார் விற்பனையாளர்.

நான் அதைக் கொண்டு தெருவுக்கு இறங்கினேன். அவர் பின்னாலேயே ஓடிவந்தார், களவெடுத்துக்கொண்டு ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார். கடை வாசலில் நின்று, அவர் சொல்லச் சொல்ல, அந்த இடத்தைக் கருவியில் குறித்தேன். பிறகு சனத்துக்குள் புகுந்து, இரண்டு முடுக்குச் சுற்றி, எங்கே நிற்கிறேன் என்றே தெரியாத ஒரு இடத்துக்குப் போய், அம்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் அம்பு கொஞ்சம் தடுமாறியது. பிறகு நேராகியது. வியர்த்து வழிய வாசலுக்கு வந்து சேர்ந்தபோது என் கணவரும் விற்பனையாளரும் ஒன்றாக நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் அந்த மனிதரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதைத்தான் வாங்கினோம். எங்களுக்குக் கட்டுப்படியானதும் அதுதான்.

அடுத்த சனிக்கிழமை நானும் முகத்துவாரத்துக்குப் போனேன், கருவியை ஒப்படைக்க. போட்காரர் அதைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு படகை விட்டு இறங்கி வந்தார்.

‘அக்கா, இது என்ட போட்ல ஏறாது.’

நான் பகிடி என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கடலடியில் மீன் கூடுகிற பாறைகள் இருக்கின்றன. கல்லு என்பார்கள். யாருடைய கல் எங்கே இருக்கிறது என்பது அவரவருக்கு மட்டும்தான் தெரியும். கூடப்பிறந்தவனுக்கும் சொல்வதில்லை. விருந்தாளியாக ஒருவரை ஏற்றினால், கல்லுக்குக் கிட்டப் போகும்போது அவர் தன் போனை மூடியுள்ள வாளிக்குள் போட்டுவிட்டு, கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கரை அடையாளங்களை மனதில் பிடிக்கக் கூடாது என்பதற்காக. அதுதான் அங்கே மரியாதை. என் கணவர் மூன்று வருடமாக அப்படித்தான் உட்கார்ந்து போயிருக்கிறார். அதை எனக்குச் சொன்னதுமில்லை.

‘இந்த மெஷின் போற வழியெல்லாம் தானாக் கோடு கீறும்’ என்றார் போட்காரர். ‘எனக்குத் தெரியும். இப்படி ஒராள் கொண்டு வந்து, அடுத்த கிழமை என்ட கூட்டாளி ஒருத்தன்ட கல்லுக்கு மேல எட்டுப் போட் நிண்டது.’

‘கல்லைக் கொண்டுபோய் நான் என்ன கறி வைக்கப் போறனா?’ என்று கத்தினேன். ‘உங்களுக்குக் கல்லுப் பெருசு. எனக்கு இந்த மனுசன் வீட்டுக்கு வரவேணும்.’

‘உங்கட மனுசனை நான் கொண்டு வந்து விடேல்லையா?’

‘விட்டனீங்கள். கல்கிசையில!’

மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். போட்காரரின் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அது திருப்தியாக இருந்தது. என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, ‘பரவாயில்லை, பரவாயில்லை’ என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. கருவியோடு வந்த கடதாசி வழிகாட்டியை முந்தின இரவே வரிவரியாக வாசித்திருந்தேன். கோடு கீறுவதை நிறுத்த ஒரு இடம் இருந்தது. போட்காரரின் கண்ணுக்கு முன்னால் அதை நிறுத்தினேன். படகு இழுத்து விடுகிற அந்த மணலில் நின்று, அந்த ஒரு இடத்தை மட்டும் குறித்து, அதற்குச் சின்ன வீட்டுப் படம் ஒன்றைப் போட்டேன். ‘இதுக்குள்ள இப்ப உங்கட கரை மட்டும்தான் இருக்கு. வேற ஒண்டும் தேவையில்லை’ என்றேன். அவர் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், அணைத்தபடி பைக்குள் கிடக்கட்டும், கரை தெரியாமல் போனால் மட்டும் எடுக்கலாம் என்று இறங்கி வந்தார். அது எனக்குப் போதும். அவரை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்கிற ஆள் என்று தெரிந்தது.

‘ஐயோ, நான் தொடவே மாட்டன்’ என்றார் என் கணவர் அவரைப் பார்த்து. எவருமே அவரிடம் அதைக் கேட்கவில்லை.

சில கிழமைகள் ஒழுங்காகப் போயின. ஒரு சனிக்கிழமை பாமசியில் அரை நாள் வேலை முடித்து வீட்டுக்கு வந்தேன். வானம் கறுத்து, பெய்யத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப் போனால், அதன் மேலே இரண்டு பென்சில் பற்றரி. பக்கத்துப் பக்கத்தில், ஒழுங்காக, உருளாமல் ஒரு துணித் துண்டில் வைத்திருந்தது. டோர்ச்சுக்குள் பார்த்தேன், அதற்குள் பற்றரி இருந்தது. சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு எதற்கும் அந்த அளவுப் பற்றரி கிடையாது.

கருவிக்குள் இருந்ததைத்தான் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குப் போன் எடுத்தேன், லைன் போகவில்லை. அந்தப் பற்றரிகளைக் கையில் பொத்திக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறினேன். எதற்கு அவற்றைக் கொண்டுபோனேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. கடலுக்குள் எறிந்து கொடுக்கவா போகிறேன்? பஸ் மாறுகிற இடத்தில் நடத்துனர் காசுக்குக் கையை நீட்டியபோது பற்றரியை நீட்டியிருக்கிறேன்.

முகத்துவாரத்தில் கடலே இல்லை. மழையும் வெள்ளைப் புகையும்தான். உள்ளே எங்கேயோ கப்பல் ஒன்று நீட்டி ஊதியது. பிறகு இன்னொன்று. துறைமுகத்து வாய்க்குப் போகிற கப்பல்கள். ஒரு சின்ன பைபர் படகு கப்பல்காரர் கண்ணுக்குத் தேங்காய் மட்டை. வலைக்காரர்கள் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்து, ‘வருவாங்க அக்கா, உள்ளுக்கு வாங்க’ என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கருவி பைக்குள் செத்துக் கிடக்கிறது என்று அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் தெரியும். கடவுளைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் என் கணவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வாய் விட்டு, பேர் சொல்லி, எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையாலும்.

பின்னேரம் மூட்டம் கலைந்தது. அதற்கும் நெடுநேரம் கழித்துத்தான் படகு வந்தது. வடக்கே இருந்து. முழங்கால் தண்ணீரில் முதலில் குதித்தவர் போட்காரர். என்னைக் கண்டதும் கடலில் நின்றபடியே கத்தினார்.

‘அக்கா! உங்கட மனுசன் என்ன செஞ்சிருக்கிறார் தெரியுமா? மெஷினுக்குள்ள பற்றரி இல்ல! கல்லும் மண்ணாங்கட்டியும், எடுங்க, போடுங்க எண்டு நானே கத்துறன், இவர் பேசாம இருக்கிறார். கப்பல் ஒண்டு எங்களுக்குப் பக்கத்தால போச்சு அக்கா. எவ்வளவு கிட்ட எண்டு சொன்னா நீங்க மயங்கி விழுவீங்க.’

நான் கையை விரித்துப் பற்றரிகளைக் காட்டினேன். போட்காரர் அவற்றைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார்.

என் கணவர் இறங்கி வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

‘ஏன்?’ என்றேன்.

‘அவருக்கு ஒரு சந்தேகம் வரக் கூடாது எண்டுதான்...’ என்றார். ‘பற்றரி இல்லாட்டி, நான் அவருக்குத் தெரியாம அதைப் போட்டிட்டன் எண்டு ஒருநாளும் நினைக்க மாட்டார்தானே.’

‘நான் என்ன நினைப்பன் எண்டு நினைச்சீங்களா?’

அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவேயில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஊரில் உள்ள எல்லோருடைய மனமும் நோகாமல் பார்த்துக்கொள்கிற மனிதர். கடைக்காரன், நடத்துனர், கறுப்புக் கோட்டு, போட்காரர். என்னுடைய மனம் அவருடைய கணக்கில் வருவதே இல்லை, ஏனென்றால் நான் எங்கேயும் போய்விட மாட்டேன். அந்த மணலில் வைத்து அவரை அடிக்கக் கை ஓங்கினேன். உண்மையாகத்தான். போட்காரர்தான் நடுவில் வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவருடைய உடுப்பிலிருந்து என் சேலைக்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நான் யன்னலைப் பார்த்தபடி இருந்தேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கொஞ்ச நேரத்தில் போனை எடுத்தார். இந்த முறை அதைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார், அதற்கு மட்டும் புத்தி வந்திருந்தது. காதில் வைத்தார்.

‘குறை நினைக்காதேங்கோ’ என்று தொடங்கினார். போட்காரருக்கு எடுத்திருந்தார். ‘உங்களைச் சரியாக் கஷ்டப்படுத்திப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.’

போட்காரரின் தொண்டை பஸ் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது.

‘என்னட்ட என்னத்துக்கு மன்னிப்பு? பக்கத்தில இருக்கிறவட்டக் கேளுங்க.’ வைத்துவிட்டார்.

என் கணவர் போனைப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி மடியில் வைத்தார். கொள்ளுப்பிட்டி போனது. பம்பலப்பிட்டி போனது. அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

‘பயந்திட்டீரோ?’ என்றார்.

இத்தனை சனிக்கிழமைகளில் ஒரு தடவையும் கேட்காத கேள்வி. இதைக் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு கப்பல் இடிக்க வரவேண்டியிருந்ததோ என்று நாக்கு நுனி வரை வந்தது. ‘ஓம்’ என்றுதான் வெளியே வந்தது. ‘சரியாப் பயந்திட்டன்’ என்றேன். பிறகு, பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, அழுதேன்.